மூன்று மாதம் என்று சொல்லாதீர்கள்

இந்த மாதமும் ஏதோ ஒரு வீட்டில் நகை அடகுக்குப் போகும். மகனோ மகளோ வெப் டெவலப்மென்ட் கோர்ஸில் சேர வேண்டும், மூன்று மாதத்தில் முடித்துவிடலாம், முடித்த கையோடு வேலை என்று பயிற்சி மையத்தில் சொல்லியிருப்பார்கள். பி.காம் படித்த பிள்ளையாக இருக்கலாம், மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கும் பிள்ளையாக இருக்கலாம். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டில் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன் பழக்கம் எதுவும் இல்லாத ஒருவர், நாள்தோறும் 3 மணி நேரம் தன் கையால் எழுதிப் பழகினால், ஒரு நிறுவனம் நம்பிச் சின்ன வேலை ஒன்றை ஒப்படைக்கும் நிலைக்கு வர ஒன்றேகால் வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். வேறு வேலையே இல்லாமல் முழுநேரமும் இதிலேயே உட்கார்ந்தால் 8 முதல் 10 மாதம். ஏற்கெனவே வேறொரு மொழியில் நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இதில் பாதி போதும். வேலை தேடும் மாதங்கள் தனி. இது நான் போடும் கணக்கு. கற்றுக்கொண்டு மேலே வந்தவர்களையும் நடுவில் நின்றுபோனவர்களையும் பக்கத்திலிருந்து பார்த்துப் போட்ட கணக்கு. இதில் ஒரு மாதம் இரண்டு மாதம் கூடும், குறையும். மூன்று மாதமாகக் குறையாது.

மூன்று மாதக் கோர்ஸ் என்பதைக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 2 மணி நேரம், 12 வாரம். மொத்தம் 120 மணி நேரம். அதிலும் பெரும்பகுதி ஆசிரியர் திரையில் எழுத, பிள்ளைகள் பார்த்து அப்படியே அடிக்கும் நேரம். ஒன்றரை வருடத்தில், மாதம் 25 நாள், நாளுக்கு 3 மணி நேரம் என்று வைத்தால் 1,350 மணி நேரம். பதினோரு மடங்குக்கு மேல் வித்தியாசம். எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியராக இருந்தாலும் இந்தப் பள்ளத்தை அவர் பேச்சால் நிரப்ப முடியாது. இன்னொருவர் துணி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து தையல் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை.

இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்பது நியாயம்தான். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்து, 1991-இல் வெளியுலகம் கண்ட வலை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்புகள் கொண்ட வெறும் எழுத்துப் பக்கங்கள்தான். அவற்றை எழுத வேண்டிய எச்டிஎம்எல்லை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். பிறகு 1995-இல், பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் வந்தது. 1996-இல் பக்கத்தின் தோற்றத்தைத் தனியே எழுதும் சிஎஸ்எஸ் முதல் தரநிலையாக வெளியானது. எழுதிய நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட் 2005-இல், சர்வரிலும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 2009-இல், பக்கத்தைத் துண்டுதுண்டாகக் கட்ட உதவும் ரியாக்ட் 2013-இல். இவை போக டேட்டாபேஸ், சர்வர், பாதுகாப்பு. முப்பது வருடத்துக்கு மேலாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்ததில் பெரும்பகுதி, இன்று ஒரு புதியவர் விண்ணப்பிக்கும் வேலை அறிவிப்பின் ஒரே பத்தியில் வந்து நிற்கிறது.

ஜாவாஸ்கிரிப்டை பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார், அதைக் கற்க எத்தனை நாள் ஆகிவிடும் என்று விளம்பரக்காரர்கள் கேட்பதுண்டு. 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் அவர் அதன் முதல் வடிவத்தைப் பத்து நாளில் எழுதியது உண்மை. அதற்கு முன் பல ஆண்டுகள் கணினித் துறையில் ஊறிய மனிதர் அவர் என்பதும் உண்மை. அந்த அவசரத்தின் தழும்புகள் அந்த மொழியில் இன்றும் இருக்கின்றன. புதிதாகக் கற்பவர்கள்தான் அதில் இடறி விழுகிறார்கள்.

ஒன்றை மட்டும் காட்டுகிறேன். கற்கும் எல்லோரும் தொடக்கத்தில் ஒரு சின்னக் கணக்குப்பெட்டி செய்வார்கள். இரண்டு கட்டங்கள், ஒரு பொத்தான். முதல் கட்டத்தில் 5, இரண்டாவதில் 3, பொத்தானை அழுத்தினால் 8 வர வேண்டும். வருவது 53. பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டத்தில் நாம் அடித்த எண்ணை உலாவி எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும், கூட்டல் குறி எழுத்துகளுக்கு இடையில் வந்தால் இரண்டையும் ஒட்டிவிடும் என்பது தெரியாதவர், திரையை வெறித்துப் பார்த்தபடி ஒரு சாயங்காலத்தைக் கழிப்பார். கழிக்கட்டும். அந்தச் சாயங்காலத்தில்தான் எழுத்தும் எண்ணும் கணினிக்கு வேறு வேறு என்பது மனதில் இறங்குகிறது. வகுப்பில் ஆசிரியர் உடனே ஒரு சொல்லைச் சேர்த்துச் சரிசெய்து காட்டிவிட்டால், பிள்ளை அந்தச் சொல்லை எழுதிக்கொள்ளும். காரணம் உள்ளே போகாது. அடுத்த மாதம் பில் தொகையில் இதே பிழை வேறு உருவத்தில் வந்தால் அடையாளம் தெரியாது. ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் என்று நான் சொல்வது இப்படிப்பட்ட சாயங்காலங்களின் கூட்டுத்தொகையைத்தான்.

மாதங்களை நான் எப்படிப் பிரிப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் சேர்ந்து இரண்டு, இரண்டரை மாதம். இதைப் பலரும் இரண்டு வாரத்தில் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். போன் திரையிலும் பெரிய திரையிலும் குலையாமல் நிற்கும் பக்கத்தை எதையும் பார்க்காமல் எழுத வருகிறதா என்று சோதித்துவிட்டு நகருங்கள். அடுத்து ஜாவாஸ்கிரிப்ட். இதற்கு ஐந்தாறு மாதம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். பாதியில் விட்டுப் போகிறவர்களில் அதிகம் பேர் இங்கேதான் போகிறார்கள். சர்வரிடம் கேட்ட தகவல் வந்து சேர்வதற்குள் நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும் என்ற ஒரே விஷயம் பிடிபட எனக்குத் தெரிந்த நல்ல பிள்ளைகளுக்கே மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் தடுமாறும்போதே ரியாக்டுக்குத் தாவுகிறவர்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, தனக்கு மூளை போதாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மூளை போதும். வரிசைதான் தப்பு. பிறகு ரியாக்டுக்கு இரண்டு, மூன்று மாதம். சர்வரும் டேட்டாபேஸும் நான்கு மாதம். மிச்ச மாதங்கள் சொந்தமாக ஏதாவது ஒன்றை முழுதாகச் செய்து, அதை நாலு பேர் நிஜமாகவே பயன்படுத்தும்படி இணையத்தில் ஏற்றி, உடைந்தால் சரிசெய்வதற்கு. கிட்டைத் தனியாகக் கற்க வேண்டாம். முதல் நாளிலிருந்து கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி மாதங்களைத்தான் எல்லாக் கோர்ஸ்களும் வெட்டிவிடுகின்றன. தொழில் அங்கேதான் தொடங்குகிறது. ஊரில் ஒரு துணிக்கடைக்கு வாடிக்கையாளர் பட்டியல் செய்து கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. ஏற்றிய மறுநாள் கடைக்காரர் கூப்பிடுகிறார். தமிழில் அடித்த பெயர்கள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக வருகின்றன. ஆங்கிலப் பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கே தேடுவீர்கள்? உலாவியா, பக்கத்தின் தலைப்பகுதியா, சர்வரா, சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் உள்ள இணைப்பா, டேட்டாபேஸின் அட்டவணையா? ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வந்தால், மலிவு விலை ஹோஸ்டிங்கில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய பதிப்பு இருப்பதும், 2018-இல் 8-ஆம் பதிப்பு வரும்வரை அது இயல்பாக மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறையில் அட்டவணையை உருவாக்கியதும், தமிழுக்கு அதில் இடமே இல்லாததும் தெரியவரும். குறிமுறையை, தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் இனி வரும் பெயர்கள் சரியாகிவிடும். ஆனால் கேள்விக்குறியாகப் பதிந்துபோன பெயர்கள் திரும்பி வராது. அசல் எழுத்து அங்கே இல்லை. கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து பெயரைக் கேட்க வேண்டும்.

இதை எந்த வகுப்பும் பாடத்திட்டத்தில் வைக்காது. வைத்தாலும், நமக்கு நடக்கும்வரை உறைக்காது. சம்பளத்துக்கு வேலை பார்க்கப்போவது இதற்காகத்தான். அழகான பக்கம் கட்டுவதற்கு இன்று கருவிகள் நிறைய இருக்கின்றன. உடைந்ததை நிதானமாகத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆளுக்குத்தான் பஞ்சம்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. அரைகுறையாகக் கற்றுவிட்டு வேலைக்குப் போனால் என்ன, போன இடத்தில் கற்றுக்கொள்ளலாமே என்கிறார்கள். கற்றுக்கொள்ளலாம், உங்களைப் புதியவர் என்று தெரிந்தே எடுத்து, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால். அப்படி இல்லாமல், தெரிந்தவராக நடித்து உள்ளே போகும்போது உங்கள் கையில் வருவது மற்றவர்களுடைய வாழ்க்கை. ஒரு மருத்துவமனையின் நோயாளி விவரம், ஒரு சிட் பண்டின் தவணைக் கணக்கு, ஒரு பள்ளியின் பிள்ளைகள் பட்டியல். கடவுச்சொல்லை அப்படியே எழுத்தாக டேட்டாபேஸில் போட்டு வைக்கக்கூடாது என்பது தெரியாத ஒருவர் கட்டிய தளத்தில், உங்கள் அம்மா தன் வங்கிக் கணக்குக்கு வைத்திருக்கும் அதே கடவுச்சொல்லைப் போட்டு வைத்திருப்பார். படிவத்தில் வரும் எழுத்தைச் சோதிக்காமல் டேட்டாபேஸ் கட்டளையோடு ஒட்டிவிடும் குறை 1990களின் கடைசியிலிருந்தே எல்லோரும் அறிந்த குறை. அவசரப் பயிற்சியில் வந்தவர்கள் இன்றும் அதையே எழுதுகிறார்கள். 2023-இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்தவர் தகவலைத் தொடும் கை அதற்குத் தகுதியான கையாக இருக்க வேண்டும். கட்டிட மேஸ்திரிக்கும் கம்பவுண்டருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்றால் நமக்கும் உண்டு.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் நேராகச் சில வார்த்தைகள்.

வீடியோ பார்ப்பதைக் கற்பதாக எண்ணாதீர்கள். பத்து மணி நேர வீடியோவை முடித்த மறுநாள் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, பார்த்ததை முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். வராது. வராத இடம்தான் நீங்கள் இருக்கும் இடம், அங்கிருந்து தொடங்குங்கள். பார்த்து எழுதிய அமேசான் நகலையும் நெட்ஃபிளிக்ஸ் நகலையும் உங்கள் ப்ராஜெக்ட் என்று ரெஸ்யூமில் போடாதீர்கள். நேர்காணலில் உட்காருகிறவர்கள் அவற்றை நூறு முறை பார்த்தவர்கள். உங்கள் தெரு மளிகைக்கடையின் கடன் நோட்டை ஒரு பக்கமாகச் செய்திருந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்கும்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து, இனிமேல் கற்கவே வேண்டாம், கேட்டால் எழுதிக் கொடுத்துவிடும் என்ற பேச்சு பலமாக இருக்கிறது. அது எழுதிக் கொடுக்கிறது என்பது உண்மை. வேலையில் இருப்பவர்கள் பலரும் பயன்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. அது கொடுத்ததில் எது தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அது கருவி. கற்கும் மாதங்களில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: அரை மணி நேரமாவது நீங்களே முட்டிப் பார்க்காமல் அதனிடம் கேட்காதீர்கள், கேட்டு வாங்கியதில் விளக்கத் தெரியாத ஒரு வரியைக்கூட உங்கள் கோப்பில் விடாதீர்கள். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தவர்களுக்கும் கடைப்பிடிக்காதவர்களுக்கும் ஆறு மாதத்தில் தெரியும் வித்தியாசம் கண்கூடானது.

ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்தவுடன் பயந்து மூடிவிடுகிற தமிழ்வழிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்திகள் இருபது முப்பது சொற்களுக்குள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் பழகிவிடும். தமிழிலேயே தொடங்க வேண்டுமானால் கணியம் தளத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், மைஎஸ்கியூஎல் பற்றிய எளிய தமிழ் மின்னூல்கள் இலவசமாக இருக்கின்றன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு வந்தால் எம்டிஎன் ஆவணங்கள், ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் ப்ராஜெக்ட். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-இல் தொடங்கியது. கல்லூரியில் இருப்பவர்கள் அதில் என்ன பாடம் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய மடிக்கணினி ஒன்று, 8 ஜிபி ராம் இருந்தால் போதும். போனில் மட்டும் வைத்துக் கற்க முயலாதீர்கள். நகையை அடகு வைத்தால் அந்த மடிக்கணினிக்காக வையுங்கள்.

இரண்டு மாதம் உண்மையாக உழைத்த பிறகும் இதில் உட்காரவே பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். டெஸ்டிங், டிசைன், கணக்குத்துறை மென்பொருள், முற்றிலும் வேறு தொழில் என்று வழிகள் உண்டு. இன்று புதியவர்களுக்கான வேலைக்குக் கூட்டம் அதிகம். ஒன்றரை வருடம் உழைத்தாலும் வேலை கையில் வந்து விழும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அப்படி உறுதி சொல்கிற யாரையும் நம்ப வேண்டாம்.

பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் தெரியும். அவரே இரண்டு மூன்று வருடம் கற்றுத்தான் அங்கே நிற்கிறார். தெரிந்தே எழுதும் விளம்பரத்துக்குப் பொய் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. தேர்ச்சிக்கும் வேலைக்கும் பொய்யான உறுதி கூறுவது அதன்படி கூடாது. சட்டத்துக்குப் பயந்து வார்த்தையை மாற்றி, வேலை உறுதி என்பதை வேலைக்கு உதவி என்று சின்ன எழுத்தில் போட்டுக்கொள்வது உங்களுக்கு எளிது. அதைச் செய்யாதீர்கள். மூன்று மாதத்தில் என்ன வருமோ அதைச் சொல்லி விற்கலாம்: மூன்று மாதத்தில் அடித்தளம் போடுகிறோம், அதன் பிறகு ஒரு வருடம் நீங்கள் பழக வேண்டும், அதுவரை சந்தேகம் கேட்க வரலாம். இப்படிச் சொல்லும் மையங்களும் நம் ஊர்களில் இருக்கின்றன. அவர்களுடைய வகுப்பில் ஆள் குறைவாக இருக்கலாம், பெயர் கெடவில்லை. ஏமாந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதும், விளம்பரத்தின் படமும், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அடுத்த கட்டம். மூன்று மாதம் முடிகிறது. வேலை கிடைப்பதில்லை. கட்டிய பணத்துக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து மையத்திலேயே யாராவது தோளில் கை போட்டுச் சொல்கிறார்: "ஃப்ரெஷர்னா எவனும் கூப்பிட மாட்டான்பா. ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுடலாம். எல்லாரும் பண்றதுதான்." இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்தால், இல்லாத கம்பெனியின் ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர் எல்லாம் தயார். சிலர் பிஎஃப் கட்டியதாகவும் காட்டித் தருகிறோம் என்கிறார்கள்.

தயவுசெய்து அந்தப் படியில் கால் வைக்காதீர்கள். நிறுவனங்கள் இன்று பழைய வேலையை யுஏஎன் எண் வழியாகப் பிஎஃப் பதிவிலும், வருமான வரிப் பதிவிலும் பார்க்கின்றன. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூடச் சரிபார்ப்பு முடிவு வந்து, அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். போலி ஆவணத்தை உண்மை என்று கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றமும்கூட. மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டாமல் உள்ளே போனவர்களின் நிலையைக் கொஞ்சம் கேளுங்கள். இரண்டு வருட அனுபவம் உள்ளவருக்கான வேலை முதல் வாரமே மேஜைக்கு வருகிறது. செய்யத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியாது, கேட்டால் தெரிந்துவிடும். ஜாப் சப்போர்ட் என்ற பெயரில் வெளியாள் ஒருவருக்கு மாதாமாதம் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, இரவில் நிறுவனத்தின் திரையை அவருக்குத் திறந்துவிட்டு, அவர் எழுதுவதைத் தன் வேலையாகக் காட்டுகிறார். அந்த வெளியாள் யார், எந்த ஊர், அந்தத் திரையில் தெரிந்த வாடிக்கையாளர் விவரத்தை என்ன செய்தார் என்பது யாருக்கும் தெரியாது. வேலை செய்யத் தெரியாத ஒருவரைச் சுமக்கும் குழுவில் இன்னொருவர் சனிக்கிழமையும் உட்காருகிறார். உண்மையாக இரண்டு வருடம் உழைத்த யாரோ ஒருவருக்கு அந்த இடம் கிடைக்காமல் போயிருக்கிறது. அவர் உங்கள் ஊர்க்காரராகவே இருக்கலாம்.

எல்லாரும் பண்றதுதான் என்பது பொய். பண்ணாமல் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; அவர்கள் விளம்பரம் செய்துகொள்வதில்லை. சின்ன நிறுவனத்தில் குறைந்த சம்பளத்துக்கு உண்மையான புதியவராகச் சேருங்கள். பயிற்சியாளராகச் சேருங்கள். ஊர்க் கடைக்கு இரண்டு தளம் செய்து கொடுத்து அதையே உண்மையான அனுபவமாகப் போடுங்கள். ஏற்கெனவே பொய் எழுதிய ரெஸ்யூம் ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால் இன்றைக்கே மாற்றி எழுதி, வேலைவாய்ப்புத் தளங்களில் பழையதை நீக்குங்கள். நாளை என்றால் அதற்குள் ஒரு அழைப்பு வந்துவிடும், வந்த பிறகு மனம் மாறாது.

பெற்றோர்களே, பிள்ளைகள் இந்தப் பொய்க்குப் போவதில் பாதி நம் வீட்டுக் கூடத்தில் கிளம்புகிறது. "உன்கூட படிச்சவன் எல்லாம் சம்பாதிக்கிறான்" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்கும் கேள்வி, பிள்ளையை உட்கார்ந்து கற்க விடாது. குறுக்கு வழி காட்டுகிறவரிடம் கொண்டு சேர்க்கும். மருத்துவத்துக்கு ஐந்தரை வருடம் காத்திருக்கிறோம். சிஏ முடிக்க எத்தனை வருடம் ஆனாலும் பொறுக்கிறோம். இதற்கு ஒன்றரை வருடம் கொடுக்க ஏன் முடியவில்லை? கொடுப்பதோடு, அந்த ஒன்றரை வருடத்தில் பிள்ளை உண்மையாகவே எழுதுகிறதா என்று கேளுங்கள். நிரல் தெரிய வேண்டாம். இந்த வாரம் என்ன செய்தாய், எனக்குக் காட்டு என்றால் போதும். வீட்டில் பணத்துக்கு வழி இல்லை என்றால் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடமாக நீட்டிக் கற்கட்டும், அதிலும் தப்பில்லை.

மகள்கள் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். வரன் பார்க்கத் தொடங்கிவிட்டோம், அதற்குள் முடித்துவிடு என்று ஆறு மாதக் கெடு வைக்கிறோம். கல்யாணமாகிக் குழந்தை பெற்று, ஐந்து வருடம் கழித்து மறுபடி படிக்க உட்காரும் பெண்ணுக்கு நாளில் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடு. அவர்களுக்கு இந்த ஒன்றரை வருடக் கணக்கு பொருந்தாது; இன்னும் அதிகக் காலம் ஆகும். அடுப்பை யாராவது பார்த்துக்கொண்டால் படிக்கும் நேரம் கூடும், அந்தக் காலம் குறையும். கணவர்களும் மாமியார்களும் இதைத் தங்களிடம் வைத்த வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூகுளில் பிற்பாடு ஆராய்ச்சி இயக்குநராக இருந்த பீட்டர் நார்விக், பத்து ஆண்டுகளில் நீங்களே நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற தலைப்பில் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார். புத்தகக் கடைகளில் 24 மணி நேரத்தில் கற்கலாம், ஒரு வாரத்தில் கற்கலாம் என்று குவிந்திருந்த நூல்களைப் பார்த்துவிட்டு எழுதியது அது. அவர் சொன்னது தேர்ச்சி பெறும் காலத்தை. நான் சொல்வது வாசலில் நிற்கும் காலத்தை மட்டும். ஒன்றரை வருடம் முடிந்து வேலையில் சேர்ந்த பிறகும் கற்பது நிற்காது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏமாற்றம் இருக்காது.

கடைசியாக, ஏற்கெனவே இந்தத் தொழிலில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, எத்தனை மாதத்தில் கத்துக்கலாம் என்று கேட்கும். மனம் நோகக்கூடாதே என்று ஆறு மாதம் போதும்பா என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நீங்கள் எத்தனை வருடம் கஷ்டப்பட்டீர்களோ அதைச் சொல்லுங்கள். எங்கே மாட்டிக்கொண்டு அழுதீர்கள் என்பதையும் சொல்லுங்கள். போன் நம்பரைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளை எழுதியதைப் பார்த்துக் கொடுங்கள். அதற்கு நாற்பதாயிரமோ அறுபதாயிரமோ கட்ட அவர்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள்.